வெளியாட்களுக்குச் சொன்ன பதில்

நான் யார் என்ற கேள்விக்கு அம்மாவிடம் இரண்டு பதில்கள் இருந்தன. வாசலுக்கு வெளியே யாராவது கேட்டால், "எடுத்து வளர்க்கிறேங்க" என்பாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்த பிறகு நான் கேட்டால், "என் வயித்துல பொறந்தவடி நீ, போய் சோத்தைப் போட்டுத் தின்னு" என்பாள்.

இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வாள். அதுதான் தொல்லை. பொய் சொல்கிறவர்களுக்கு எங்காவது ஓர் இடத்தில் குரல் வழுக்கும். அம்மாவுக்கு இந்தப் பக்கமும் வழுக்காது, அந்தப் பக்கமும் வழுக்காது.

வெளியே இருப்பவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, என்னைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும். அம்மா நல்ல கறுப்பு. முடி நீளமாக, வழவழவென்று இடுப்புவரை விழும். என் முடி ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு மேலே நிற்கும். சீப்பை விட்டால் சீப்புதான் உடையும். கண் தேன் நிறம். மூக்கின் மேலும் கன்னத்திலும் புள்ளி புள்ளியாக, யாரோ டீத்தூளைக் கையில் வைத்து ஊதிவிட்ட மாதிரி இருக்கும். பஸ்ஸில் அம்மா மடியில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், திரும்ப என்னிடம் வருவார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வாள், "எடுத்து வளர்க்கிறேங்க" என்று. உடனே அந்த முகம் இளகிவிடும். "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்பார். சில நாள் எனக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்கும். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். "நாளைக்கு எழுதிக் கொண்டு வரேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. முப்பத்தொரு வயதில், வேலை முடிந்த பிறகு நடந்த தொழிலாளர் வகுப்பில் உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கூட்டினேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர், அதனால் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

அப்பா எந்த ஊர் என்று கேட்டால் "தூரம்" என்பாள். தூரம் என்று ஓர் ஊர் இருப்பதாகவே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினாறு வயதில் ஒரு நாள், கடைத்தெருவில் என் முடி மாதிரியே முடி உள்ள ஓர் ஆளைப் பார்த்தேன். வேற்று தேசத்துக்காரர். மூன்று தெரு அவர் பின்னாலேயே போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் சட்டென்று நின்று திரும்பி, சிரித்த முகத்தோடு அவர் பாஷையில் என்னவோ கேட்டார். என்னைத் தன் ஆள் என்று நினைத்துவிட்டார். நான் தமிழில் "ஒண்ணுமில்லைங்க" என்றேன். அந்தச் சிரிப்பு அப்படியே வற்றிப் போயிற்று. திரும்பி ஓடிவந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் தெருக்காரர்கள், "எங்க போச்சு வளர்த்த பொண்ணு, உங்கம்மா தேடறாளே" என்றார்கள்.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி உருளையில் நிற்கிறேன். ஆள் உயரத்துக்கு நீளமான சூடான உருளை. ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் உள்ளே விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளும். எனக்கு ஜோடி ரேடியோ அக்கா. காலையில் ஆரம்பித்தால் சங்கு ஊதும்வரை பேசிக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். எனக்கு அவள் வைத்த பெயர் பூனைக்கண்ணு. பல பெயர் கேட்டவள் நான், இது எவ்வளவோ தேவலை.

போன வருடம் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரம் இரண்டு முறை, நான்கு மணி நேரம், ரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவி எடுக்கிறார்கள். டயாலிசிஸ் அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி ஒரு ரிடையர்டு பஸ் டிரைவருடையது. டிரைவர் ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "முப்பது வருஷம் நான் ஓட்டினேன், இப்ப இந்த மெஷின் என்னை ஓட்டுது" என்பார். அவரிடமும் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள், எடுத்து வளர்த்த பொண்ணு என்று.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, குடும்பத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் அம்மா இன்னும் பல வருடம் நன்றாக இருப்பாள் என்றார். குடும்பம் என்றால் நான்தான். ரத்த வகையும் ஒத்துப்போயிற்று. நான் கொடுக்கிறேன் என்றேன்.

அம்மா வேண்டாம் என்றாள். கத்தி வைப்பதைப் பற்றியோ, எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றோ அவள் சொல்லவில்லை. "அதுக்கு டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்களாமே, அதெல்லாம் எதுக்கு" என்றாள். டெஸ்ட்டுக்கு ஏன் பயப்படுகிறாள்?

ஒரு மாதம் கெஞ்சி, சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து சம்மதிக்க வைத்தேன்.

சொந்தக்காரர்தான் கொடுக்கிறாரா, விலைக்கு வாங்கிய ஆளா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு குழு இருக்கிறது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பெரிய டாக்டர், ஒரு வக்கீல் அம்மாள், எங்கள் காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பெண். அவளை நான் ஃபைல் மேடம் என்றுதான் மனதுக்குள் கூப்பிடுவேன். என்னிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அடையாள அட்டையில் அம்மா பெயருக்கு நேரே 'பாதுகாவலர்' என்று இருக்கும். அதனால் அம்மாவின் வாயால் கேட்க வேண்டும் என்றார்கள்.

பெரிய டாக்டர் அன்பாகத்தான் கேட்டார். "சொல்லுங்கம்மா, இவங்க உங்களுக்கு யாரு?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னாள். "எடுத்து வளர்த்த பொண்ணுங்க."

டாக்டரின் பேனா நின்றது. ஃபைல் மேடம் காகிதத்தைப் புரட்டினாள்.

"விண்ணப்பத்துல சொந்த மகள்னு போட்டிருக்கே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க. பெத்த பொண்ணுதான்."

"எதும்மா? பெத்ததா, வளர்த்ததா?"

"ரெண்டும்தாங்க."

வக்கீல் அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா, எரிச்சலா என்று தெரியவில்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "பயப்படாம சொல்லுங்க, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தறாங்களா? ஏதாவது பேசி முடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். என் முகத்தையும் முடியையும் அவர் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்தது. எங்கிருந்தோ பிடித்து வந்த ஆள் என்று நினைக்கிறார். "அவ என் அம்மாங்க" என்றேன். சொன்ன என் குரல் வழுக்கியது.

டி.என்.ஏ பரிசோதனை எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்தார்கள், எனக்கும் அம்மாவுக்கும். முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

வெளியே நடையில் வைத்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா அங்க போய் அப்படிச் சொன்னே?"

"வாயில வந்துடுச்சு. ஆபீஸ் மேசைக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு எவனாவது கேட்டா எனக்கு அதான் வரும்."

"சரி, எதுதான் நிஜம்?"

"நாப்பது வயசு ஆகப்போகுது, கேக்கற கேள்வியைப் பாரு" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள். அது பதில் இல்லை. பின்னாலேயே நடந்துகொண்டு அதையேதான் நினைத்தேன், அது பதில் இல்லை, அது பதில் இல்லை என்று.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் போலீஸ்காரி மாதிரி ஆகிவிட்டேன். அம்மாவின் கால் விரல்களைப் பார்ப்பேன், என் விரல்களைப் பார்ப்பேன். அவள் தும்மினால் கவனிப்பேன். அவள் வரிசையாக மூன்று தும்முவாள், நான் இரண்டோடு நிறுத்திவிடுவேன். கட்டை விரல் நகம் அவளுடையது மாதிரியே அகலம். ஆனால் ரேடியோ அக்காவின் நகமும் அப்படித்தான் அகலம், எனக்கும் அவளுக்கும் என்ன சொந்தம்?

டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அம்மாவுக்குத் தலை சுற்றும், நான்தான் குளிக்க வைப்பேன். ஸ்டூலில் உட்கார வைத்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, என் கண் தானாக அவள் வயிற்றுக்குப் போயிற்று. பிள்ளை பெற்ற வயிற்றில் கோடு இருக்கும் என்று லாண்டரியில் பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் வயிற்றில் கோடுகள் இருந்தன. ஆனால் அது பிள்ளைக் கோடா, உடம்பு வற்றிப்போய் வந்த சுருக்கமா என்று தெரியவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, எதை வைத்து ஒப்பிடுவேன்? சோப்பு நுரையை வழித்துவிட்டு இன்னும் குனிந்து பார்த்தேன்.

"என்னடி பாக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா கையால் வயிற்றை மறைத்துக்கொண்டாள். "தண்ணி ஆறிடப் போகுது, ஊத்து" என்றாள். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் ராத்திரியெல்லாம் அந்தக் கோடுகளைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன், எத்தனை இருந்தன, எந்தப் பக்கமாக ஓடின என்று.

ஏழாம் நாள் உருளையில் இரண்டு தடவை துணி மாட்டியது. இரண்டும் என் தப்பு. இரண்டாவது தடவை இழுத்து விடப் போய் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன்.

"அடியே பூனைக்கண்ணு, துணியை விடறியா, உசிரை விடறியா?" என்று ரேடியோ அக்கா கத்தினாள். குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்து என் கையைப் பிடித்து வைத்தாள். "என்னதான்டி உனக்கு? அவ உன்னைப் பெறலைன்னு வந்தா குடுக்க மாட்டியா?"

"குடுப்பேன்."

"அப்புறம் என்ன கேடு? பெத்தாளோ வளர்த்தாளோ, அவதானே சோறு போட்டா?"

"உனக்கு ஈஸியா இருக்கு அக்கா. உன் மூக்கு உங்கப்பா மூக்கு, உன் வாய் உங்க சித்தி வாய். நீயே சொல்லிட்டுத் திரியறே."

"வாயை ஏன்டி இழுக்கறே?"

"எனக்கு ஒரு பக்கம் மொத்தமா இருட்டு. இந்தப் பக்கம் அவ ஒருத்திதான் இருக்கா. அவளும் இல்லைன்னு காகிதத்துல வந்துட்டா நான் எங்கேருந்து வந்தேன்?"

ரேடியோ அக்கா என் மணிக்கட்டைத் திருப்பித் தண்ணீரில் காட்டினாள். அவள் வாயடைத்துப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பன்னிரண்டு என்றது பதினாலு நாள் ஆயிற்று. பதினைந்தாம் நாள் காலையில் ஃபைல் மேடம் போன் செய்தாள். உருளைச் சத்தத்தில் "வந்திருக்கு" என்பது மட்டும்தான் கேட்டது, மிச்சம் கேட்கவில்லை. எது வந்திருக்கிறது என்று கத்தினேன். போன் வைத்துவிட்டாள். சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். அம்மாவை அன்றைக்கு ஆஸ்பத்திரி வேன்காரர் ஏற்கெனவே டயாலிசிஸுக்குக் கூட்டிப் போயிருந்தார்.

ஃபைல் மேடம் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"இல்லைங்க, நானே படிக்கறேன்."

விரலை வைத்துக்கொண்டுதான் படித்தேன். முதல் பத்தி முழுக்க எண்ணும் எழுத்துமாக ஒன்றுமே புரியவில்லை. கடைசிக்கு வந்தேன். மேற்கண்ட இருவரும் தாயும் மகளும் என்பது உறுதி செய்யப்படுகிறது. மறுபடி வரியின் தலைக்குப் போய் விரலை வைத்தேன். அதேதான்.

ஃபைல் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். "அடுத்த வாரம் இன்னொரு தடவை உக்காருவாங்க, அவ்வளவுதான், இனிமே பிரச்சினை இல்லை" என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே குடித்தேன். பாதி டம்ளர் இறங்கும்வரை எவ்வளவு நிம்மதியாக இருந்தது. மீதிப் பாதி இறங்கவில்லை.

எடுத்து வளர்க்கிறேங்க. பஸ்ஸில், ரேஷன் வரிசையில், டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், நான் பக்கத்தில் நிற்க நிற்க, என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாளே. எது நிஜம் என்று தெரியாதவரைக்கும், ஒருவேளை வெளியே சொல்வதுதான் நிஜமோ, உள்ளே சொல்வது எனக்காகச் சொல்கிற நல்ல பொய்யோ என்று நினைத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. அந்த இடம் போயிற்று. பெற்றுவிட்டுத்தான் அத்தனை பேரிடமும் பெறவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

டயாலிசிஸ் அறை அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் படியேறினேன்.

ஆறு நாற்காலி, ஆறு மெஷின். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், கையிலிருந்து இரண்டு குழாய் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஐயாதான் முதலில் பார்த்தார்.

"வாம்மா, வா. உன்னைப் பத்தித்தான் இந்தப் பக்கம் பேச்சு. வளர்த்த பொண்ணு தன் உடம்புலேருந்து எடுத்துக் குடுக்குது. நான் பெத்தது ரெண்டு, போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறானுங்க."

அம்மா கண்ணைத் திறந்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "வந்துடுச்சா? என்ன போட்டிருக்கு?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப நீயே சொல்லு. ஐயாகிட்டச் சொல்லு."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்து வரவில்லை. வந்துவிட்டது. அம்மா டிரைவர் ஐயாவைப் பார்த்தாள், எதிர் வரிசையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த குழாய்களைப் பார்த்தாள். எழுந்து போக முடியாது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்டி."

"வீட்டுல நீ எப்பவும் சரியாத்தான் சொன்னே. அங்க எனக்கு எதுவும் கேக்க வேண்டாம்."

"எல்லாம் உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு வேறு மாதிரிச் சொன்னாள். "உனக்காகன்னு எனக்கே சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன். இல்லடி. வளர்த்தேன்னு சொன்னா கையெடுத்துக் கும்பிடறான். பெத்தேன்னு சொன்னா அதே ஆளு எங்கேடி போயிருந்தேங்கற மாதிரிப் பாப்பான். ஒரு தடவை அந்தப் பார்வையைப் பாத்தேன். நீ கைக்குழந்தை. போதும்னு ஆயிடுச்சு எனக்கு. எனக்காகத்தான் சொன்னேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையை மட்டும் டிரைவர் ஐயா பக்கம் திருப்பினாள்.

"ஐயா, இவ நான் பெத்தவ. வளர்த்த பொண்ணுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்."

டிரைவர் ஐயா கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பார்த்தார், புள்ளி விழுந்த கன்னத்தையும் முடியையும் பார்த்தார், அடுத்த ஸ்டாப் எது என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப இவங்கப்பா யாரும்மா?"

எதிர் வரிசையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே வைத்திருந்தார். முப்பத்தெட்டு வருடமாக யாரும் இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அம்மா முந்தி முந்திப் பதில் சொன்னாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கையைப் பிடிக்கலாமா என்று தோன்றியது. பிடிக்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

"துறைமுகத்துல கப்பல் ரிப்பேருக்கு வந்த ஆளு" என்றாள் அம்மா. "வெல்டர். நான் அங்க கேன்டீன்ல பாத்திரம் கழுவிட்டிருந்தேன். நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது. எட்டு மாசம் இருந்தாரு. தட்டைக் கொண்டாந்து தொட்டியில போடமாட்டாரு, தானே கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போவாரு. அப்படித்தான் பழக்கம்."

"பேரு?" என்றேன் நான்.

அம்மா சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், நாக்கு எங்கே மடங்க வேண்டும் என்று தெரியாமல் தடுமாறியது.

"இவ வயித்துல இருக்கறது அவருக்குத் தெரியும். கையால காட்டிச் சொன்னேன். அழுதாரு. சந்தோஷமா, பயமான்னு எனக்குத் தெரியலை. கேக்கறதுக்குப் பாஷை இல்லை."

மெஷின் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்தாள். "யாரும்மா இவங்களைப் பேச விட்டது? பிரஷர் எகிறுது பாருங்க." அம்மாவின் மறுகையில் பட்டையைச் சுற்றினாள். திரையில் சிவப்பாக நூற்று எண்பத்தி என்னவோ.

"போதும்மா" என்றேன். "அப்புறம் சொல்லு. வீட்டுல சொல்லு."

"அப்புறம்னா சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கேக்கறதை இப்பவே கேட்டுக்கோ."

நர்ஸ் என்னை முறைத்தாள். டிரைவர் ஐயா, தெரியாமல் கேட்டுவிட்டவர், தன் போர்வையை நெருடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பட்டை காற்றை இழுத்துக்கொண்டு அம்மாவின் கையை இறுக்கியது. எண் இன்னும் இரண்டு ஏறியது. வெளியே போய்விடலாம், போய்விட்டால் அவள் வாயை மூடுவாள், எண் இறங்கும். கால் நகரவில்லை.

அந்தச் சிவப்பு எண்ணின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், "கப்பல் போன அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.